தையல் வீட்டில் பழுத்தால் யார் கணக்கு?

சித்திக்குக் கருப்பையில் புற்றுநோய் என்று அறுவை நடந்து, ஏழாம் நாள் டிஸ்சார்ஜ் ஆனது. பதினோராம் நாள் அடிவயிற்றுத் தையலின் கீழ்முனை சிவந்து, புடவைக் கொசுவத்தில் மஞ்சளாக ஒரு கறை. ஆஸ்பத்திரி நூறு கிலோமீட்டர் தள்ளி. மறுபடி வண்டி பிடித்துப் போக யாருக்கும் தெம்பில்லை. தெருமுனை டாக்டர் பார்த்தார், ஒரு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றினார், ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். கம்பவுண்டர் தினமும் வீட்டுக்கே வந்து டிரெஸ்ஸிங் மாற்றினார். ஆறிவிட்டது.

ஒரு மாதம் கழித்து ரிவ்யூவுக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டார். "நல்லா இருக்கேன் டாக்டர்." அவர் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கேஸ் ஷீட்டில் "காயம் நன்றாக ஆறியுள்ளது" என்று ஆங்கிலத்தில் எழுதினார். வெளியே வந்ததும், "ஏன் சித்தி, சீழ் வெச்சதைச் சொல்லல?" என்றேன். "அதான் ஆறிப்போச்சேடா. அந்தப் புள்ள நல்லாத்தானே ஆபரேஷன் பண்ணுச்சு, அதை ஏன் சங்கடப்படுத்தணும்?"

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. டாக்டர் கேட்டார், சித்தி பதில் சொன்னார், காயமும் ஆறித்தான் இருந்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வருடக் கடைசியில் "எத்தனை பேருக்கு அறுவைக்குப் பின் சிக்கல் வந்தது?" என்று கூட்டிப் பார்த்தால் சித்தி அதில் வரமாட்டார். சிக்கலே இல்லாமல் தேறிய நோயாளிகளின் வரிசையில்தான் இருப்பார். இப்படி எத்தனை சித்திகள் என்ற கேள்வி அன்றிலிருந்து எனக்கு இருந்தது. அதற்கு எண்ணிக்கையோடு பதில் வைத்திருக்கும் ஓர் ஆய்வு பிரிட்டனில் நடந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஆய்வு நடந்த விதம்

பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் புற்றுநோய்களுக்கென்றே உள்ள 10 பிரிட்டிஷ் மையங்கள் சேர்ந்தன. கருப்பை, சினைப்பை, கருப்பைவாய், பிறப்புறுப்பின் வெளிப்பகுதி ஆகிய இடங்களில் பெரிய அறுவை செய்துகொண்டவர்கள் இதில் வருவார்கள். 2010 ஏப்ரலிலிருந்து 2012 பிப்ரவரி வரை நடந்த அறுவைகள் கணக்கில் வந்தன. ஒவ்வொரு மையமும் அறுவையின் விவரத்தையும் பிறகு வந்த சிக்கலையும் அவ்வப்போதே ஓர் ஆன்லைன் பதிவேட்டில் ஏற்றியது. இதுவரை வழக்கமான ஏற்பாடுதான். கூடுதலாக அவர்கள் செய்தது, நோயாளிக்கு நேரடியாக ஒரு கடிதம் அனுப்பி, "உங்களுக்கு என்ன ஆனது?" என்று கேட்டது. நோயாளி எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் இல்லை. மீண்டும் ஆஸ்பத்திரி ஆவணங்களைப் புரட்டி, அவர் சொன்னதற்கு அங்கே தடயம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். முடிவுகள் 2013இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சரில் வந்தன.

எதைச் சிக்கல் என்பது? இதற்குக் கிளாவியன்–டிண்டோ என்ற படிவரிசையைப் பயன்படுத்தினார்கள். கிளாவியன் என்ற அறுவை மருத்துவர் 1992இல் தொடங்கிவைத்தது. 2004இல் டிண்டோவும் அவரும் திருத்தி, 6336 நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளில் புழங்குவது இதுதான். இதன் சூட்சுமம் எளிது. சிக்கல் எவ்வளவு பெரியது என்று டாக்டரின் மனசுக்குப் படுவதை இது கேட்பதில்லை. அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டி வந்தது என்று மட்டும் கேட்கிறது. வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, வாந்தி ஊசி போன்றவற்றோடு போனால் முதல் படி. ஆன்டிபயாடிக் மாதிரி வேறு மருந்து தேவைப்பட்டால், ரத்தம் ஏற்றினால், நரம்பு வழியாக முழு ஊட்டம் கொடுத்தால் இரண்டாம் படி. மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்கோ ஸ்கேன் பார்த்து ட்யூப் போடவோ கொண்டுபோனால் மூன்றாம் படி. உயிருக்கு ஆபத்தாகி ஐசியுவுக்குப் போனால் நான்காம் படி. மரணம் ஐந்தாம் படி.

சித்தியை இதில் வைத்துப் பார்த்தேன். படுக்கையிலேயே தையலைப் பிரித்துச் சீழ் எடுத்ததோடு நின்றிருந்தால், விதிப்படி அது முதல் படிதான். தெருமுனை டாக்டர் ஆன்டிபயாடிக் சீட்டு எழுதிய நிமிடத்தில் இரண்டாம் படிக்கு ஏறிவிட்டார். பிரிட்டிஷ் ஆய்வு எண்ணியது இரண்டாம் படியிலிருந்து மேலே. ஆக, சித்தி அந்த நாட்டில் இருந்திருந்தால் எண்ணிக்கையில் வந்திருப்பார். ஆனால் கடிதம் போய், அவரும் பதில் எழுதியிருந்தால்தான்.

இந்தப் படிவரிசையின் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. தையல் கொஞ்சம் சிவந்திருக்கிறது, எதற்கும் இருக்கட்டும் என்று ஒருவர் ஆன்டிபயாடிக் எழுதுவார். இன்னொருவர் "ரெண்டு நாள் பார்ப்போம்" என்பார். காயம் ஒன்றுதான், ஆனால் முதல் டாக்டரிடம் போனவருக்குச் சிக்கல் வந்ததாகவும் இரண்டாமவரிடம் போனவருக்கு வராததாகவும் பதிவாகும். இரண்டாம் படியின் எண்ணிக்கையைப் படிக்கும்போது இந்த நெளிவையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு விடைகள்

2152 அறுவைகளுக்குக் கடிதம் போனது. 1462க்குப் பதில் வந்தது, அதாவது 68 சதவீதம். இனி வரும் எண்கள் எல்லாம் இந்த 1462 அறுவைகளைப் பற்றியவை.

ஆஸ்பத்திரிகள் தாங்களாகவே பதிந்ததை மட்டும் பார்த்தால், 172 அறுவைகளில் சிக்கல். 11.8 சதவீதம். நோயாளிகள் எழுதியதை மட்டும் பார்த்தால் 231. 15.8 சதவீதம். ஆஸ்பத்திரிப் பதிவோடு, ஆவணத்தில் உறுதியான நோயாளித் தகவலையும் சேர்த்தால் 283. 19.4 சதவீதம். உறுதியானது, ஆகாதது எல்லாவற்றையும் சேர்த்தால் 379. 25.9 சதவீதம்.

அதே பெண்கள், அதே வயிறுகள், அதே மாதங்கள். யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து, எட்டரைப் பேரில் ஒருவருக்கு என்பதிலிருந்து நாலு பேரில் ஒருவருக்கு என்பது வரை விடை மாறுகிறது.

இந்த எண்களைத் தாளில் எழுதிக் கழித்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 172ஐயும் 231ஐயும் கூட்டினால் 403 வருகிறது. ஆனால் மொத்தம் 379தான். அப்படியென்றால் இரண்டு பட்டியலிலும் இருந்த அறுவைகள் வெறும் 24. சிக்கல்களை ஒவ்வொன்றாக எண்ணினாலும் இதே கதைதான்: ஆஸ்பத்திரி சொன்னவை 200, நோயாளி சொன்னவை 280, மொத்தம் 452. இருவரும் சொன்னவை 28 மட்டும்.

ஆஸ்பத்திரி ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கும், நோயாளி அதில் விட்டுப்போனதைக் கொஞ்சம் நிரப்புவார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டு படித்தேன். இவையோ ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் இரண்டு தனிப் பட்டியல்கள். ஆஸ்பத்திரி சொல்லி நோயாளி சொல்லாதவை 148. நோயாளி சொல்லி ஆஸ்பத்திரி பதியாதவை 207. முதலில் அந்த 207ஐ எடுத்துக்கொள்வோம்.

கேஸ் ஷீட்டுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது

207இல் 111 அறுவைகளில் நோயாளி சொன்னது ஆவணத்தைப் புரட்டியபோது உறுதியானது. கொஞ்சம் நின்று யோசித்தால் இது விசித்திரம். உறுதிசெய்தது எதை வைத்து? ஆஸ்பத்திரிகளின் ஆவணங்களை வைத்து. ஆக, ஆஸ்பத்திரி என்ற கட்டடத்துக்குள் எங்கோ ஒரு தாளில் அந்தச் சிக்கல் எழுதப்பட்டிருந்தது. பதிவேட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ஏன் நடக்கிறது என்று விளக்க வேண்டாம். பதிவேட்டை நிரப்புவது பெரும்பாலும் அறுவையின்போதும் டிஸ்சார்ஜ் நாளிலும். பதினைந்தாம் நாள் ஓபிக்கு வந்தவரின் காயத்தைப் பார்த்து மருந்து எழுதுபவர் வேறொரு டாக்டர். அவருக்கு அப்படி ஒரு பதிவேடு இருப்பதே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும் வெளியே இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மறைக்க வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க வேண்டியதில்லை. பதிவு தானாகவே விட்டுப்போகும்.

பிரிட்டனுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. 1995இல் வந்த கால்மன்–ஹைன் அறிக்கைக்குப் பிறகு அங்கே புற்றுநோய்ச் சிகிச்சையை மையங்களில் குவிக்கத் தொடங்கினார்கள். பெண் உறுப்புப் புற்றுநோய்களுக்கான வழிகாட்டுதல் 1999இல் வந்தது. சிக்கலான அறுவையை அடிக்கடி செய்கிற குழுவே செய்யட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அறுவை ஓர் ஊரிலும் வீடு இன்னோர் ஊரிலும் ஆகிப்போகிறது. அறுவை முடிந்து வீட்டுக்குப் போன பெண்ணுக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல் என்றால், அவர் ரயிலேறி மையத்துக்கு வரமாட்டார். தன் ஜிபியிடம், அதாவது தன் பேட்டையின் குடும்ப மருத்துவரிடம்தான் போவார். ஜிபி மூன்று நாள் மாத்திரை எழுதுவார். அந்தச் சீட்டு ஜிபியின் கம்ப்யூட்டரில் இருக்கும். ராத்திரி காய்ச்சல் கூடிவிட்டால் பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. அந்தத் தாளும் அங்கேயே தங்கிவிடும்.

மீதி 96ஐப் பற்றி அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆவணத்தில் உறுதியாகவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். நோயாளி தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். அறுவைத் தழும்பிலிருந்து தெளிவான நீர் கசிவது சகஜம், அதைச் சீழ் என்று நினைப்பவர்கள் உண்டு. கத்தீட்டர் என்ற சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு ஒன்றிரண்டு நாள் எரிவது எல்லாமே கிருமித்தொற்றும் அல்ல. அல்லது, நோயாளி சொன்னது முழுக்கச் சரி, ஆனால் அது நடந்த இடத்தின் தாள் ஆய்வாளர் கைக்கு வராத இடத்தில் இருக்கலாம். சித்தியின் கதை இரண்டாவது ரகம். எங்கள் தெருமுனை டாக்டர் சீட்டு மட்டும்தான் எழுதுவார், நோட்டு வைப்பதில்லை. யாராவது வந்து சரிபார்த்திருந்தால் சித்தியும் "உறுதியாகவில்லை" என்ற கட்டத்தில்தான் விழுந்திருப்பார்.

நோயாளி சொல்லாத 148

இந்தப் பக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. நோயாளியைக் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று சொல்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

அறுவை முடிந்த அன்று ராத்திரி ஹீமோகுளோபின் இறங்கி இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினால் அது இரண்டாம் படி. ஏற்றியது நோயாளிக்குத் தெரிந்தாலும், அதை ஒரு சிக்கல் என்று அவர் நினைப்பாரா? எனக்குச் சந்தேகம். பெரிய ஆபரேஷன் என்றால் ரத்தம் ஏற்றத்தானே செய்வார்கள். வார்டில் இருக்கும்போது நடந்ததெல்லாம் "ஆபரேஷன்" என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்த பிறகு வந்தது மட்டும் தனியாக நினைவில் நிற்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் வெறும் 24 என்ற எண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. மயக்கத்தில் இருக்கும்போது நடப்பதைச் சொல்லவே வேண்டாம். இதே திட்டத்தில் 2948 அறுவைகளை வைத்து, அறுவை நடக்கும்போதே வந்த சிக்கல்களையும் எண்ணினார்கள். 139 வந்தது, 4.7 சதவீதம். அங்கே சாட்சி ஆஸ்பத்திரி மட்டுமே.

இறந்தவர்கள் கடிதத்துக்குப் பதில் போடமாட்டார்கள் என்பதும் இருக்கிறது. பதில் வராத 690 அறுவைகளுக்கு என்ன ஆனது என்பது இந்த எண்களுக்கு வெளியே நிற்கிறது.

பெரிய சிக்கல், சிறிய சிக்கல்

நோயாளி சொல்வதை எவ்வளவு நம்பலாம்? ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் இது. மூன்றாம் படியிலும் அதற்கு மேலும், அதாவது மறுபடி தியேட்டர், ஐசியு என்று நோயாளிகள் எழுதியவை 36. முப்பத்தாறும் ஆவணத்தில் உறுதியாயின. ஒன்றுகூடப் பிசகவில்லை. இரண்டாம் படியில்தான் தடுமாற்றம். அங்கே 158 உறுதியாயின, பாதிக்குச் சற்று மேல்தான், 56.4 சதவீதம்.

யோசித்தால் இயல்பானதுதான். வயிற்றை மறுபடி திறந்ததை யாரும் மறக்கமாட்டார்கள், தப்பாகவும் புரிந்துகொள்ளமாட்டார்கள். "ஏதோ இன்ஃபெக்ஷன்னு மாத்திரை குடுத்தாங்க" என்பது அப்படியில்லை.

சரி, சந்தேகமான இரண்டாம் படியைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றிலிருந்து ஐந்து வரை மட்டும் எண்ணினால் என்ன? அப்படிச் செய்தால் 48 அறுவைகள், 3.3 சதவீதம் வருகிறது. சுத்தமான எண். ஆஸ்பத்திரிகளை ஒப்பிட இதையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். எனக்கு இதில் உடன்பாடில்லை. பத்து மையங்களுக்கு 48 என்றால் மையத்துக்குச் சராசரி ஐந்துகூட இல்லை. ஒரு மையத்தில் மூன்று, இன்னொன்றில் ஏழு என்று வந்தால் அது திறமையா, தற்செயலா என்று யார் சொல்வது? நம்பகமான எண் சின்னதாக இருக்கிறது, பெரிய எண் நம்பகமாக இல்லை. நடுவில் மாட்டிக்கொள்வது ஒப்பிட நினைப்பவர்.

இந்த ஒப்பிடும் ஆசை அப்போது அங்கே உச்சத்தில் இருந்தது. இதே 2013இல்தான் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் சில துறைகளில் ஒவ்வொரு அறுவை மருத்துவரின் பெயரோடும் முடிவுகளைப் பொதுவில் வெளியிடத் தொடங்கியது. இதை எங்கே செய்தாலும் ஒரு வில்லங்கம் வரும். டிஸ்சார்ஜுக்குப் பிறகும் நோயாளியைத் தேடிப்பிடித்து, ஜிபியிடம் கேட்டு, எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிகிற மையத்தின் சதவீதம் ஏறும். பதினைந்தாம் நாள் ஓபி நோட்டைக் கண்டுகொள்ளாத மையம் அழகாகத் தெரியும். 11.8க்கும் 19.4க்கும் உள்ள இடைவெளி முழுக்க, அறுவை எப்படி நடந்தது என்பதோடு சம்பந்தமே இல்லாமல், எவ்வளவு விசாரித்தோம் என்பதால் மட்டும் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டியல்களைப் படிக்க வேண்டும்.

வாசல் தாண்டிய பிறகு

வீட்டில் வரும் சிக்கல்களைச் சில்லறை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வயிறு, இடுப்புப் பகுதிப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு காலில் ரத்தம் உறைந்து கட்டுவது இதற்கு நல்ல உதாரணம். 2002இல் வெளிவந்த எனாக்ஸகேன் இரண்டாம் ஆய்வில், ரத்தம் உறையாமலிருக்கும் ஊசியை ஒரு வாரத்தோடு நிறுத்தியவர்களில் 12 சதவீதம் பேருக்கும், நான்கு வாரம் தொடர்ந்தவர்களில் 4.8 சதவீதம் பேருக்கும் ரத்தக்கட்டு கண்டார்கள். அதாவது ஆபத்து டிஸ்சார்ஜ் சீட்டோடு முடிவதில்லை. இந்த மாதிரி அறுவைக்குப் பிறகு 28 நாள் ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லும் வழக்கம் இதன் பிறகே பரவியது. சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்து, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் இன்றைய முறையில் இது இன்னும் கூர்மையாகிறது. ஐந்தாம் நாள் வார்டில் வந்திருக்க வேண்டிய காய்ச்சல் இப்போது வீட்டு வரவேற்பறையில் வருகிறது.

இன்னும் தாமதமாக வருபவை தனிக் கதை. இடுப்புப் பகுதியிலோ தொடையிடுக்கிலோ நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்குக் கால் வீக்கம் மாதக்கணக்கில் கழித்துத் தொடங்கும். செருப்பு ஒரு காலில் மட்டும் இறுக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரிய அறுவை செய்தவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப்பை நிறைந்த உணர்வே வராது, மணி பார்த்துப் போக வேண்டியிருக்கும். உறவின்போது வலி. இவற்றுக்கு ஆன்டிபயாடிக்கும் இல்லை, தியேட்டரும் இல்லை என்பதால் படிவரிசையில் ஏறுவதே கஷ்டம். டிஸ்சார்ஜ் ஆகும்போது குறைபாடு இருந்தால் கூடவே ஓர் எழுத்துக் குறியைச் சேர்க்கலாம் என்று அதில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் செருப்பு இறுக்குவது டிஸ்சார்ஜ் அன்று தெரியாதே.

நோயாளியை முறையாகக் கேட்டால் எண்ணிக்கை சரியாவதைத் தாண்டியும் பலன் உண்டா? அமெரிக்காவில் ஈதன் பாஷ் குழுவினர் கீமோதெரபி எடுக்கும் 766 பேரிடம் இதைச் சோதித்தார்கள். தங்கள் தொந்தரவுகளை இணையத்தில் தாங்களே பதிந்து, அது நர்சுக்கு எச்சரிக்கையாகப் போனவர்கள் வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள். நடுமதிப்பு 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். 2017இல் வந்த முடிவு. அது பரவிய புற்றுநோய், மருந்துச் சிகிச்சை, ஆகவே அறுவைக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஆனாலும் அங்கே பதில் எழுதியவர் எழுதிவிட்டுக் காத்திருக்கவில்லை. அவர் எழுதியதைப் பார்த்து யாரோ போன் எடுத்தார்கள். பிரிட்டிஷ் ஆய்வின் கடிதம் எண்ணுவதற்காக மட்டும் போனது.

ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதுவது என்பதும் இங்கேதான் வருகிறது. அறுவைக்கு முன், "எனக்கு ஏதாவது கோளாறு வர வாய்ப்பு எவ்வளவு?" என்று ஒரு பெண் கேட்டால் எந்த எண்ணைச் சொல்வது? ஆஸ்பத்திரிப் பதிவின்படி எட்டரைக்கு ஒன்று. நான் மருத்துவர் இல்லை, என்னைக் கேட்டால் ஐந்தில் ஒன்று என்பேன், கூடவே பெரும்பாலானவை மருந்தோடு சரியாகிவிடும், மறுபடி தியேட்டருக்குப் போகவேண்டி வருவது போன்ற பெரிய சிக்கல் முப்பதில் ஒன்று என்பேன். அவருக்கு வேண்டியது பதினோராம் நாள் கொசுவத்தில் கறை பட்டால் பயப்பட வேண்டுமா, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதுதான்.

சித்தியின் அடுத்த ரிவ்யூ மூன்று மாதம் கழித்து. இந்தத் தடவை நானே முந்திக்கொண்டு, "வீட்டுக்கு வந்த பதினோராம் நா..." என்று தொடங்கி, அறுவை நடந்ததிலிருந்தா, வீட்டுக்கு வந்ததிலிருந்தா என்று எனக்கே குழம்பிவிட்டது. டாக்டர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு சித்தியைப் பார்த்தார். "என்ன தேதிம்மா, என்ன மாத்திரை?" சித்திக்கு இரண்டும் தெரியவில்லை. மஞ்சள் கலர் மாத்திரை என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கம்பவுண்டர் முதல் தடவை வந்த அன்று வீட்டில் கூழ் ஊற்றினோம், ரெண்டாம் ஆடி வெள்ளி என்றார். டாக்டர் சுவரில் இருந்த காலண்டரில் மாதத்தைப் பின்னால் புரட்டினார்.